கைபேசியில் இணைப்பு அறுந்தாலும் குழு உரையாடல் குலையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சொந்தச் சர்வரில் எக்ஸ்எம்பிபி (உடனடிச் செய்திப் பரிமாற்றத்துக்கான திறந்த நெறிமுறை) மென்பொருள் ஒன்றை நிறுவி, அலுவலகத்துக்குள் குழு உரையாடலுக்குச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்திவருகிறீர்கள். மேசைக் கணினிகளில் குறை எதுவும் இருந்ததில்லை. களப்பணியாளர்களையும் கைபேசி வழியாக அதே குழுவில் சேர்த்து, மொத்தம் 150 பேர் ஆனபின் மூன்று தொல்லைகள் தொடங்கியிருக்கின்றன: சில செய்திகள் சிலருக்கு வருவதே இல்லை, சில செய்திகள் இரண்டு மூன்று முறை வருகின்றன, 'வெளியேறினார்', 'இணைந்தார்' என்ற வரிகளால் திரை நிரம்பிவிடுகிறது. டவர் மாறும்போது இணைப்பு அறாமல் வைத்திருப்பது எப்படி, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது தட்டிப்பார்க்கும் பிங்கின் இடைவெளியைக் குறைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி இணைப்பைப் பற்றியதாக இருந்தாலும், உங்களுக்கு வேண்டியது இணைப்பு அறுந்தபோதும் ஒரு செய்தியும் தவறாமல் குழு குழுவாகவே நிற்பது என்று நினைக்கிறேன். இணைப்பைக் காப்பது உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை; குழுவைக் காப்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே அதற்கே விரிவாகப் பதில் எழுதுகிறேன். செய்திச் சர்வர்களை அமைப்பதும் பராமரிப்பதும் என் தொழில். குரல், காணொளி அழைப்புகளில் எனக்குப் போதிய பயிற்சி இல்லாததால் அவற்றைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

டவர் மாறுவதால்தான் இணைப்பு அறுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள்; பெரும்பாலும் அது காரணம் அல்ல. 4ஜி வலையமைப்பில், ஒரே நிறுவனத்தின் ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்குக் கைபேசி நகரும்போது அதன் ஐபி முகவரி பொதுவாக மாறுவதில்லை. முகவரியை வழங்கும் நுழைவாயில் டவரில் இல்லாமல் வலையமைப்பின் மையத்தில் இருப்பதால், டவர்கள் தமக்குள் கைபேசியைக் கைமாற்றிக்கொண்டாலும் நுழைவாயில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. முகவரி மாறுவது வைஃபையிலிருந்து வெளியே வந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது, அல்லது சிக்னல் அடியோடு போய்விட்டுக் கைபேசி வலையமைப்பில் புதிதாகப் பதிவாகும்போது. செயலிக்கும் சர்வருக்கும் இடையில் தரவைக் கொண்டுசெல்லும் டிசிபி இணைப்பு என்பது இரு முனைகளின் ஐபி முகவரி, இரு முனைகளின் போர்ட் எண் என்ற நான்கைக் கொண்டு அடையாளம் காணப்படுவது. நான்கில் ஒன்று மாறினாலும் பழைய இணைப்பு செத்துவிட்டது என்று பொருள். இதை வலையமைப்பு மட்டத்திலேயே தீர்த்துவிட முயன்று 1996-இல் ஆர்எஃப்சி 2002 என்ற இணையத் தர ஆவணம் வழியாக மொபைல் ஐபி வந்தது. வெளியூர் போனவருக்கு வரும் கடிதங்களை அவர் இருக்கும் ஊருக்குத் திருப்பி அனுப்பும் தபால் நிலையத்தைப் போல, வீட்டு வலையமைப்பில் ஒரு முகவர் இருந்து பாக்கெட்டுகளைத் திருப்பிவிடுவது அதன் ஏற்பாடு. நல்ல யோசனைதான்; ஆனால் சாதாரணச் செயலிகள் நம்பியிருக்கும் அளவுக்கு அது நடைமுறைக்கு வரவில்லை. 2021 மே மாதம் ஆர்எஃப்சி 9000 ஆக வெளியான க்விக் என்ற நெறிமுறை, அந்த நான்கை நம்பாமல் தனியாக ஓர் இணைப்பு அடையாளத்தை வைத்துக்கொள்வதால், முகவரி மாறினாலும் உரையாடலைத் தொடர முடிகிறது. அதுவும்கூட முகவரி மாற்றத்துக்குத்தான் மருந்து. சட்டைப்பையில் நாற்பது நிமிடம் உறங்கிக் கிடக்கும் கைபேசிக்கு அதனால் பயன் எதுவும் இல்லை.

செய்தி எப்படித் தொலைகிறது என்பதை நான் நேரில் பார்த்த ஒரு நிகழ்வைக் கொண்டு சொல்வது எளிது. சில ஆண்டுகளுக்கு முன், உங்களுடையதைப் போன்ற ஒரு சிக்கலை ஆராய்வதற்காக மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் பேருந்தில் கைபேசியோடு ஏறினேன். என்னோடு வேலை பார்த்தவர் அலுவலகத்தில் சர்வரின் நடப்புகள் பதிவாகும் லாகைத் திறந்து வைத்துக்கொண்டு, அரை நிமிடத்துக்கு ஒன்றாக 'எண் 1', 'எண் 2' என்று குழுவில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். கல்லாறு தாண்டி மலை ஏறத் தொடங்கிய சிறிது நேரத்தில் 'எண் 11' வந்தது. அதன்பின் திரை அசையவில்லை, ஆனால் சிக்னல் கோடுகள் இரண்டு இருந்துகொண்டே இருந்தன. பர்லியாறுக்கு மேலே ஒரு திருப்பத்தில் செயலி தானாக மறுபடி இணைந்தது. அடுத்ததாக வந்தது 'எண் 29'. நடுவிலிருந்த பதினேழு செய்திகள் அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. குன்னூரில் இறங்கி அவரை அழைத்தபோது, அனுப்பிய நாற்பது செய்திகளும் என் கைபேசிக்கு அனுப்பப்பட்டதாகவே லாகில் பதிவாகியிருக்கின்றன, பிழை என்று ஒரு வரிகூட இல்லை என்றார்.

லாகில் இருந்தது தவறல்ல. ஒரு செய்தியை டிசிபி இணைப்பில் எழுதும்போது சர்வர் மென்பொருளுக்குக் கிடைக்கும் பதில், 'இயங்குதளம் அதைத் தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டது' என்பது மட்டுமே. கைபேசி வாங்கிக்கொண்டது என்பது அதற்குப் பொருள் அல்ல. மறுமுனையிலிருந்து ஒப்புகை வராவிட்டால் இயங்குதளம் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். லினக்ஸின் இயல்பான அமைப்பில் அது 15 முறை முயன்ற பின்னரே கைவிடுகிறது. அதற்குக் குறைந்தது 924.6 விநாடிகள், அதாவது பதினைந்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். எதையும் எழுதாமல் சும்மா இருக்கும் இணைப்பாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: டிசிபியின் சொந்த உயிர்ச் சோதனை, அதை நீங்கள் இயக்கிவைத்திருந்தாலும், 7200 விநாடி கழித்தே தொடங்கும். என் விஷயத்தில், அந்தப் பதினைந்து நிமிடம் முடிவதற்குள் கைபேசி புதிய இணைப்பில் வந்துவிட்டது. அதே பெயரில் புதிய அமர்வு வந்ததும் சர்வர் பழைய அமர்வை மூடியது, அதன் நினைவகத்தில் காத்திருந்த பதினேழு செய்திகளும் அதோடு போயின. உங்கள் களப்பணியாளர்களுக்குத் தொடர்ச்சியாகச் சில செய்திகள் மட்டும் விடுபடுகின்றன என்றால், பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

இதற்கு வேர் எங்கே என்று பார்த்தால், குழுத் தொடர்பு அமைப்புகள் பிறந்த இடத்துக்கே போக வேண்டும். 1980-களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கென் பிர்மனும் அவரோடு இருந்தவர்களும் உருவாக்கிய ஐசிஸ் என்ற அமைப்பு இத்துறையின் முன்னோடிகளில் ஒன்று. நியூயார்க் பங்குச் சந்தையிலும் பிரான்சின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டிலும் அது பயன்பட்டது. இப்போது குழுவில் இருப்பவர் யார் யார் என்ற பட்டியலை அதில் 'வியூ' என்பார்கள். பட்டியல் மாறும்போதெல்லாம் எல்லா உறுப்பினர்களும் அதே மாற்றத்தை அதே வரிசையில் காண வேண்டும், ஒரு பட்டியலின் கீழ் அனுப்பிய செய்தியை அந்தப் பட்டியலில் தப்பி நிற்கும் எல்லோரும் பெற வேண்டும் என்பது அதன் உறுதிமொழி. சற்று நேரம் பதில் சொல்லாதவரை இறந்தவராகக் கணக்கில் எடுத்து, அவரை நீக்கிப் புதிய பட்டியல் போடுவதே நடைமுறை. ஒரே கட்டடத்தில் கம்பியால் பிணைத்த கணினிகளுக்கு இது பொருந்தியது, ஏனென்றால் அங்கே மௌனம் என்றால் பெரும்பாலும் மரணமே. ஆனால் தாமதத்துக்கு வரம்பு இல்லாத வலையமைப்பில், மெதுவாக இருப்பவரையும் இறந்தவரையும் தொலைவிலிருந்து நிச்சயமாகப் பிரித்தறிய முடியாது. ஒரே ஒரு கணினி செயலிழக்கக்கூடும் என்றாலும் அத்தகைய வலையமைப்பில் அனைவரும் ஒரு முடிவுக்கு வருவதை எப்போதும் உறுதிசெய்யும் நிர்ணயமான வழிமுறை கிடையாது என்று ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் 1985-இல் நிறுவியதன் அடியிலும் இந்த உண்மையே இருக்கிறது. ஆகவே கடிகாரத்தை வைத்து ஊகிக்கத்தான் வேண்டியிருக்கிறது. அலுவலகக் கம்பியில் அந்த ஊகம் அரிதாகத் தவறும்; கைபேசியில் ஒரு நாளில் பல முறை தவறும்.

உரையாடல் மென்பொருள்களும் இதே மரபில் வந்தவை. 1988-இல் பின்லாந்தின் ஊலு நகரில் யார்க்கோ ஒய்கரினென் எழுதிய ஐஆர்சி என்ற குழு அரட்டை அமைப்பில் இணைப்பே உறுப்புரிமை. பிங்குக்குப் பதில் வராவிட்டால் நீங்கள் குழுவில் இல்லை, அந்த நேரத்தில் பேசப்பட்டது உங்களுக்குக் கிடையாது. எந்நேரமும் ஓடும் ஒரு கணினியில் தமக்குப் பதிலாக இணைப்பில் உட்கார்ந்திருக்க ஓர் இடைநிலை நிரலை ஓட்டித்தான் பலர் இதைச் சமாளித்தார்கள். அந்த இடைநிலை நிரல் செய்த வேலையை இன்று குழுச் சர்வரே தன் இயல்பாகச் செய்ய வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவதன் சாரம்: உறுப்பினர் என்பது டேட்டாபேஸில் எழுதப்பட்ட நிலையான உண்மை, இணைப்பு என்பது வந்துபோகும் பாதை, இரண்டையும் ஒன்றாக்கவே கூடாது. இந்தத் தெளிவு புதிதும் அல்ல. துண்டிப்பை விபத்தாகக் கருதாமல் வழக்கமான நிலையாகவே ஏற்று வடிவமைக்க வேண்டும் என்பதை 1990-களின் தொடக்கத்தில் கார்னகி மெலனின் கோடா கோப்பு அமைப்பும், 1995-ஐ ஒட்டி ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் பேயூ தரவு அமைப்பும் செய்தே காட்டிவிட்டன.

எக்ஸ்எம்பிபியின் குழு அறைகளை வரையறுக்கும் எக்ஸ்இபி-0045-ஐ (எக்ஸ்எம்பிபியின் நீட்சிகளை வரையறுக்கும் ஆவணங்களுக்கு எக்ஸ்இபி என்று பெயர்) படித்தால், அதை எழுதியவர்கள் பாதி வழி வந்திருப்பது தெரியும். 'அஃபிலியேஷன்' என்பது நிலையானது. உரிமையாளர், நிர்வாகி, உறுப்பினர் என்று நீங்கள் உறங்கும்போதும் அது இருக்கும். 'ரோல்' என்பது அமர்வோடு வந்து அமர்வோடு போவது. செய்தியைப் பெறும் உரிமையை அவர்கள் இரண்டாவதோடு கட்டிவிட்டார்கள். அறையில் இப்போது இருப்பவருக்கே செய்தி. அந்த ஒரு முடிவால் வரும் செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள். உங்கள் 150 பேர் குழுவில் ஒருவரின் இணைப்பு அறுந்தால் மற்ற 149 பேருக்கும் 'வெளியேறினார்' போகிறது. அவர் திரும்பினால் 149 பேருக்கு 'இணைந்தார்' போகிறது. அவருக்கோ அறையில் இருப்பவர்களின் முழுப் பட்டியலும், தன்னைப் பற்றிய வரியோடு சேர்த்து 150, வருகிறது. ஒரு முறை அறுந்து ஒட்டுவதற்கு ஏறத்தாழ 450 துணுக்குகள் (எக்ஸ்எம்பிபியில் தனித்தனியாகப் போகும் தகவல்கள்). ஆளுக்கு ஒரு நாளில் பத்து முறை மட்டும் இப்படி நடந்தால் 6,75,000. ஒருவரும் ஒரு சொல்லும் பேசாமலே இவ்வளவும் ஓடுகிறது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு துணுக்கும் மற்றவர் கைபேசியின் ரேடியோவை எழுப்புகிறது. எழுந்த ரேடியோ வலையமைப்பு நிர்ணயித்த சில விநாடிகள் விழித்திருந்துவிட்டே அடங்கும். பேட்டரி குறைவதைக் கண்டு இயங்குதளம் உங்கள் செயலியை அடக்கிவைக்கிறது, அதனால் இணைப்பு மறுபடி அறுகிறது, மறுபடி 450.

பிங் இடைவெளியைக் குறைப்பது ஏன் தவறான மருந்து என்பது இதிலிருந்தே விளங்கும். சர்வர் இணைப்பின் சாவை விரைவில் அறியும். ஆனால் அறிந்ததும் அது செய்வது உறுப்பினரை வெளியேற்றுவது. ஆகவே நீங்கள் முறையிடும் அந்த 'வெளியேறினார்' வரிகள் கூடத்தான் செய்யும். இருந்தாலும் பிங்குக்கு நியாயமான வேலை ஒன்று உண்டு. மொபைல் நிறுவனங்கள் பல கைபேசிகளை ஒரு பொது முகவரியின் பின்னால் வைத்திருக்கின்றன. அங்கே உங்கள் இணைப்புக்கான பதிவு சும்மா கிடந்தால் அழிக்கப்பட்டுவிடும். டிசிபி இணைப்புக்கு அந்தப் பதிவைக் குறைந்தது 2 மணி 4 நிமிடம் வைத்திருக்க வேண்டும் என்று ஆர்எஃப்சி 5382 சொல்கிறது. நடைமுறையில் பல வலையமைப்புகள் அதற்கு வெகு முன்பே அழித்துவிடுகின்றன. எத்தனை நிமிடம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் யாரிடமும் கேட்காமல் நீங்களே அளப்பதே நல்லது: ஓர் இணைப்பைத் திறந்து ஐந்து நிமிடம் சும்மா விட்டு ஒரு செய்தி அனுப்புங்கள், பிறகு பத்து, இருபது, முப்பது என்று நீட்டிக்கொண்டே போங்கள். கிடைக்கும் எண்ணுக்குச் சற்றுக் குறைவாக, செயலி திரையில் திறந்திருக்கும்போது மட்டும், பிங் வைத்தால் போதும்.

இனி தீர்வு. முதல் படி எக்ஸ்இபி-0198. இதில் இரு முனைகளும் தாம் கையாண்ட துணுக்குகளை எண்ணிக்கொண்டே வருகின்றன. கைபேசி திரும்ப வரும்போது புதிதாகச் சேராமல் 'பழைய அமர்வைத் தொடர்கிறேன், 11 வரை என்னிடம் இருக்கிறது' என்கிறது. சர்வர் 12-லிருந்து அனுப்புகிறது. தொடர்வதற்கான காலக்கெடு முடியும்வரை குழுவுக்கு யாரும் வெளியேறியதாகவே தெரியாது. அன்று எங்கள் சர்வரில் இது இயக்கப்பட்டிருந்தால் அந்தப் பதினேழும் பர்லியாறிலேயே வந்து சேர்ந்திருக்கும். ஈஜாபர்டு, ப்ரோசடி என்ற எக்ஸ்எம்பிபி சர்வர் மென்பொருள்கள் இரண்டிலும் இது உண்டு. ஆண்ட்ராய்டில் கான்வர்சேஷன்ஸ் போன்ற செயலிகள் இதைப் புரிந்துகொள்ளும். அதன் எல்லையையும் சொல்ல வேண்டும்: காத்திருக்கும் செய்திகளைச் சர்வர் சில நிமிடங்கள் மட்டுமே நினைவகத்தில் வைத்திருக்கும். அரை மணி நேரம் சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தவருக்கும், இடையில் சர்வரை நிறுத்தி ஓட்டினால் எவருக்கும், இது உதவாது. காலக்கெடுவைப் பல மணி நேரமாக நீட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். செத்த அமர்வுகள் நினைவகத்தில் குவியும்.

அதனால் இரண்டாவது படியாகச் செய்திகள் நிரந்தரமாக எழுதப்படும் ஒரு பேரேடு தேவை. குழுவுக்கு வரும் ஒவ்வொரு செய்தியும் முதலில் பேரேட்டில் ஏறி, ஓர் அடையாளம் பெற்று, பிறகே வெளியே போக வேண்டும். ஒவ்வொரு கைபேசியும் தான் விடாமல் பெற்ற கடைசி அடையாளத்தைத் தன்னிடம் சேமித்துவைத்து, திரும்ப வரும்போது 'இதற்குப் பின்னால் இருப்பதைக் கொடு' என்று கேட்க வேண்டும். எக்ஸ்இபி-0313 தருவது இதைத்தான். சேரும்போது '10.42-க்குப் பிறகானவை' என்று நேரத்தை வைத்துக் கேட்கும் பழைய முறையை விட்டுவிடுங்கள். நேரம் வைத்துக் கேட்டால் எல்லையில் இருக்கும் செய்தி இரண்டு முறை வரும் அல்லது விடுபடும், கைபேசியின் கடிகாரம் தவறாக இருந்தால் இரண்டுமே நடக்கும். ஒரு குறை இதிலும் உண்டு. எக்ஸ்இபி-0313-இன் அடையாளங்கள் பொருளற்ற குறிகளாக இருக்கலாம், அடுத்தடுத்த எண்களாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே நடுவில் ஒன்று விடுபட்டதைக் கைபேசி தானாகக் கண்டுபிடிக்க முடியாது. பிற்காலத்தில் சொந்தமாக நெறிமுறை எழுதும் எண்ணம் இருந்தால், குழுவுக்கு ஒரு வரிசை எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4812-க்குப் பின் 4815 வந்தால் இரண்டு குறைகிறது என்பதைக் கைபேசியே அறிந்து கேட்டு வாங்கிக்கொள்ளும். செய்திகளின் வரிசைச் சிக்கலும் இதிலேயே தீர்கிறது: அனுப்பியவரின் கடிகாரத்தை நம்பாமல், ஒரு குழுவின் எல்லாச் செய்திகளும் சர்வரில் ஒரே வாசல் வழியாகப் போய் எண் பெற்றால், எல்லாத் திரையிலும் ஒரே வரிசை. பல நாடுகளில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இது இவ்வளவு எளிதல்ல. உங்களுக்கு ஒரே சர்வர்தான் என்பதால் அந்தக் கவலை வேண்டாம்.

செய்தி இரட்டிப்பாவது அனுப்பும் பக்கத்துக் குறை. களப்பணியாளர் 'மின்மாற்றி மாற்றியாகிவிட்டது' என்று அனுப்புகிறார். செய்தி சர்வரை அடைந்துவிடுகிறது, ஒப்புகை திரும்பி வரும் வழியில் இணைப்பு அறுகிறது. செயலி மறுபடி இணைந்து மறுபடி அனுப்புகிறது. சரியாக ஒரே முறை மட்டும் கொண்டுசேர்ப்பது என்ற உறுதியை இத்தகைய வலையமைப்பு தனியாகத் தர முடியாது. குறைந்தது ஒரு முறையாவது அனுப்பிவிட்டு, இரட்டையைப் பெறும் இடத்தில் களைவதே வழி. செய்தியைத் தட்டிய கணத்திலேயே செயலி அதற்குத் தனித்த அடையாளம் ஒன்றைச் சூட்டி, கைபேசியின் சேமிப்பில் எழுதி, சர்வரின் ஒப்புகை வரும்வரை அதே அடையாளத்தோடு திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும். அந்த அடையாளத்தை முன்பே பார்த்திருந்தால் சர்வர் புதிதாக எழுதாமல் பழைய எண்ணையே ஒப்புகையாகத் தர வேண்டும். மறு முயற்சியில் புதிய அடையாளம் சூட்டும் செயலிகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றோடு சர்வர் எவ்வளவு முயன்றாலும் பயனில்லை. மறு இணைப்புக்கான காத்திருப்பு நேரத்தைப் படிப்படியாக இரட்டிப்பாக்குவதோடு, அதில் சற்றுத் தற்செயலையும் கலந்துவிடுங்கள். இல்லாவிட்டால் சர்வர் நின்று எழும் ஒவ்வொரு முறையும் 150 கைபேசிகளும் ஒரே விநாடியில் கதவைத் தட்டும்.

அடுத்து உறங்கும் கைபேசி. 2015-இல் ஆண்ட்ராய்டு 6.0-இல் வந்த டோஸ், அசையாமல் கிடக்கும் கைபேசியில் செயலிகளின் வலையமைப்பையே நிறுத்திவைக்கிறது. ஐபோனில் பின்னணி இணைப்பு என்பதே பெரும்பாலும் கிடையாது. ஆகவே உறங்கும் கைபேசிக்கு அறிவிப்பு அனுப்பும் கூகுள், ஆப்பிள் இரண்டின் புஷ் சேவைகளைத் தவிர்க்க முடியாது. எக்ஸ்இபி-0357 அதற்கான பாலம். இங்கே பலர் செய்யும் பிழை, செய்தியையே புஷ்ஷில் வைத்து அனுப்பி, அது போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கணக்கு எழுதுவது. அளவு ஏறக்குறைய 4 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும் என்பது சிறிய தடைதான். கூகுளின் சேவை, கைபேசி தொடர்பில் இல்லாதபோது ஒன்றை ஒன்று மாற்றாத செய்திகளை ஒரு செயலிக்கு 100 வரைதான் சேர்த்துவைக்கும். அதைத் தாண்டினால் எல்லாவற்றையும் எறிந்துவிட்டு, 'எறிந்துவிட்டேன், சர்வரிடம் கேட்டுக்கொள்' என்று செயலிக்குச் சொல்லும். ஆப்பிளோ, சத்தமில்லாத பின்னணி அறிவிப்புகளை மணிக்கு இரண்டு மூன்றுக்கு மேல் அனுப்ப முயல வேண்டாம் என்கிறது. எனவே புஷ் என்பதைக் கதவு தட்டும் ஓசையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஓசை கேட்டுக் கைபேசி எழுந்து, பேரேட்டில் தன் கடைசி எண்ணுக்குப் பின்னால் இருப்பதை வாங்கிக்கொள்ளும். ஓசை ஒன்று கேட்காமல் போனாலும் அடுத்த ஓசையில் எல்லாம் வந்துவிடும். சில நிறுவனங்களின் ஆண்ட்ராய்டு கைபேசிகள் டோஸையும் தாண்டிப் பின்னணிச் செயலிகளைத் தம் போக்கில் நிறுத்துகின்றன. இது மாதிரிக்கு மாதிரி மாறுவதால் பொதுவிதி எதுவும் சொல்ல இயலாது. உங்கள் ஆட்களிடம் இருக்கும் மாதிரிகளை எடுத்து, பேட்டரி அமைப்பில் இந்தச் செயலிக்கு விலக்குத் தரச் சொல்வது ஒன்றே நான் கண்ட வழி.

'வெளியேறினார்', 'இணைந்தார்' வரிகளைப் பொறுத்தவரை, பெரிய குழுவில் அவற்றை முழுவதும் நிறுத்திவிடலாம் என்பதே என் கருத்து. கைபேசி உலகில் 'இப்போது இணைப்பில் இருக்கிறார்' என்ற பச்சைப் புள்ளிக்குப் பொருள் இல்லை. சட்டைப்பையில் கைபேசி உறங்குபவரும் ஒரு நொடியில் எட்டக்கூடியவர்தான். ஈஜாபர்டில் மக்சப் என்ற வசதி இருக்கிறது: உறுப்பினர் குழுவுக்குச் சந்தா சேர்ந்தவராகப் பதிவாகிறார், இணைப்பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்தி அவர் கணக்குக்கு வருகிறது. எக்ஸ்இபி-0369 இதையே பொதுத்தரமாக்க எழுதப்பட்டது, ஆனால் அதை ஏற்ற செயலிகள் குறைவு. அதை நம்பி இன்று திட்டமிட வேண்டாம். இரண்டும் இயலாவிட்டால், செயலி உறங்கப்போகும் முன் சர்வரிடம் சொல்லிவிடும் எக்ஸ்இபி-0352-ஐயாவது இயக்குங்கள். அவசரமில்லாத துணுக்குகளைச் சர்வர் அடக்கி வைத்துக்கொள்ளும்.

உண்மையான சேர்க்கையும் நீக்கமும், அதாவது ஒருவரை நிர்வாகி குழுவில் சேர்ப்பதும் எடுப்பதும், முற்றிலும் வேறு வகை. அவற்றைச் செய்திகள் ஏறும் அதே பேரேட்டில், அதே வரிசையில் எழுதுங்கள். 4900-ஆவது பதிவு ஒருவரின் நீக்கம் என்றால், 4899 வரை அவருக்கு உரியது, 4901 அவருக்கு உரியதல்ல. எந்தக் கைபேசி எத்தனை நாள் கழித்து வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஐசிஸ் தந்த பட்டியல் ஒழுங்கு கைபேசிகளுக்கு இடையில் சாத்தியமில்லை, ஆனால் பேரேட்டுக்குள் இப்படி அதைக் காப்பாற்ற முடிகிறது. முனைக்கு முனை மறையாக்கம் (சர்வராலும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டுவது) பற்றிக் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். 2023 ஜூலையில் ஆர்எஃப்சி 9420 ஆக வந்த எம்எல்எஸ் என்ற குழு மறையாக்க முறையில், ஒவ்வொரு உறுப்பினர் மாற்றமும் குழுவின் சாவியை அடுத்த கட்டத்துக்கு நகர்த்துகிறது. விடுபட்டவர் அந்த மாற்றங்கள் அனைத்தையும் வரிசை பிறழாமல் பெற்றாக வேண்டும். பேரேடு நம்பகமாக ஓடாத இடத்தில் அதை இயக்கினால், செய்தி தவறுவதோடு நிற்காமல், வந்த செய்தியும் திறக்காமல் போகும். முதலில் பேரேடு, பிறகு மறையாக்கம் என்ற வரிசையில் எனக்குச் சந்தேகமில்லை. எந்த மறையாக்க முறை உங்களுக்கு ஏற்றது என்பதை அத்துறையில் பழகியவரிடம் கேளுங்கள். என் அனுபவம் அதற்குப் போதாது.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஒருவர் அலுவலகத்திலிருந்து அரை நிமிடத்துக்கு ஒன்றாக எண்ணிட்ட செய்திகளைக் குழுவில் அனுப்பட்டும். நீங்கள் வைஃபையில் தொடங்கி, அதை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாறி, விமானப் பயன்முறையில் ஐந்து நிமிடம் வைத்து, பிறகு இருபது நிமிடம் வைத்து, இறுதியில் திரையை அணைத்து மேசையில் ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நீங்களும் சில எண்ணிட்ட செய்திகளை அனுப்புங்கள். தொடர்ச்சியான எண்கள் கூட்டமாக விடுபட்டால் சர்வரில் எக்ஸ்இபி-0198 இயங்கவில்லை, அல்லது செயலி அதைக் கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தில் எல்லாம் வந்து இருபது நிமிடத்தில் விடுபட்டால் பேரேட்டிலிருந்து வாங்கும் பகுதியில் குறை. நீங்கள் அனுப்பியவை இரட்டித்தால் செயலி மறு முயற்சியில் புதிய அடையாளம் சூட்டுகிறது. திரை அணைந்திருந்தபோது மட்டும் தாமதித்து, திரையைத் திறந்ததும் எல்லாம் ஒன்றாக வந்து கொட்டினால் புஷ் போய்ச் சேரவில்லை. எந்த எண்கள் எந்தக் கட்டத்தில் விடுபட்டன என்பதையும், சர்வர் மென்பொருளின் பெயரையும் பதிப்பையும், கைபேசி மாதிரிகளையும் இங்கே எழுதினால், எந்த அமைப்பை மாற்ற வேண்டும் என்பதைக் குறிப்பாகச் சொல்ல முடியும்.